ஊட்டிக் குளிரில் ஓடும் பிக்கப்புக்குக் கூலன்ட் எதற்கு?

கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றும் தம்பி ஒருவர் கேட்டது இது: பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறார், 2.5 லிட்டர் டீசல், பிஎஸ்4. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர். முன்பு வைத்திருந்தவர் கூலன்டே (இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் தண்ணீரோடு கலந்து ஊற்றும் திரவம்) ஊற்றியதில்லை, குழாய்த் தண்ணீர்தான். ஒரு மெக்கானிக், "ஊட்டிக் குளிருக்கு கூலன்ட் எதுக்கு, தண்ணியே போதும்" என்கிறார். இன்னொருவர், "பச்சை மட்டும்தான் ஊத்தணும்" என்கிறார். கடையில் போனால் பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று நான்கு நிறம். எதை வாங்குவது, எப்படி மாற்றுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

தம்பி, இந்த மலையில் லோடு வண்டி ஓட்டியும், ஓட்டிய வண்டியை நானே பிரித்து மாட்டியும் காலம் தள்ளியவன் என்கிற முறையில் சொல்கிறேன். கூலன்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வண்டியில் நான் முதலில் மாற்றச் சொல்வது கூலன்டை இல்லை, அந்த ரேடியேட்டர் மூடியை. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தக் "குளிருக்கு எதுக்கு" பேச்சு. வெளியே குளிர்கிறது என்றால் இன்ஜினுக்குள்ளும் குளிரும் என்று நினைப்பதால் வரும் வினை அது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். ஊட்டி 2240 மீட்டர். நடுவே ஏறத்தாழ 1900 மீட்டர் ஏற்றம். கேத்தி ஊட்டிக்குச் சற்றுக் கீழே, அவ்வளவுதான். நீங்கள் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு, திரும்பும்போது உரமோ கோழி எருவோ ஏற்றிக்கொண்டு, வண்டியும் லோடுமாக 3 டன்னில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 டன்னை 1900 மீட்டர் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 5 லிட்டர் டீசல் எரிய வேண்டும். எரிந்த சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கும். இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடும். மீதியில் பெரும்பகுதி ரேடியேட்டர் தலையில்தான் விழும். நான் போட்ட கணக்கில் அது சுமார் 150 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுபோகும் சூடு. கல்லாறு தாண்டி, பாக்குத் தோப்புகள் முடிந்து, முதல் கொண்டை ஊசி வளைவு தொடங்கும் இடத்திலிருந்து குன்னூர் வரை, ஃபர்ஸ்ட் கியரும் செகண்ட் கியருமாக ஊர்ந்து வரும்போது எதிர்க்காற்று என்று ஒன்றும் கிடையாது. ஃபேன் இழுக்கும் காற்றுதான் கதி. இத்தனை சூட்டையும் சுமந்து வெளியே தள்ளுவது, ஒரு குடத்துக்குள் அடங்கிவிடும் அளவு தண்ணீர்.

அதனால் மலை வண்டிக்குச் சமவெளி வண்டியை விடக் கூலன்ட் அதிகம் தேவை. சரி, மலையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதுதான் முக்கியம்.

உங்கள் வீட்டில் அம்மாவைக் கேளுங்கள். இங்கே குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தாலும் சூடு குறைச்சல், அதனால்தான் பருப்பு வேகாது.

இப்போது இன்ஜினைப் பாருங்கள். பெரும்பாலான டீசல் வண்டிகளில் தெர்மோஸ்டாட், அதாவது சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு, 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்க ஆரம்பிக்கும், 95 டிகிரி வாக்கில்தான் முழுதாகத் திறக்கும். ஏற்றத்தில் 95 என்பது நோய் இல்லை, இன்ஜினுக்கு அதுதான் இயல்பான சூடு. ஆனால் அதே 95 டிகிரி, ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீருக்குக் கொதி நிலையைத் தாண்டிய சூடு. மீட்டர் முள் நடுவில் ஒழுங்காக நிற்கும், உள்ளே தண்ணீர் கொதிக்கக் காத்துக்கொண்டிருக்கும். கொதிக்காமல் அமுக்கி வைத்திருப்பது ரேடியேட்டர் மூடி. குக்கருக்கு வெயிட் எப்படியோ, அப்படி.

மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். சிலவற்றில் 88, 108 என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. 0.9 மூடி ஒழுங்காக வேலை செய்தால், ஊட்டியில்கூட வெறும் தண்ணீர் 115 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். அதில் பாதிக்குப் பாதி நல்ல கூலன்ட் கலந்திருந்தால் 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துப்போய்விட்டதா, அத்தனையும் போச்சு. நீங்கள் ஆயிரம் ரூபாய்க் கூலன்ட் ஊற்றியிருந்தாலும் அது 100 டிகிரிக்கு அப்படி இப்படி என்று கொதித்து வெளியே ஓடும். கணக்கைப் பாருங்கள்: கூலன்ட் தருவது ஆறேழு டிகிரி பாதுகாப்பு, மூடி தருவது இருபது டிகிரிக்கு மேல்.

இது நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. பல வருடத்துக்கு முன்னால், குன்னூரிலிருந்து ஊட்டிக்குச் சிமெண்ட் லோடோடு ஏறி, எல்லநள்ளியில் டீக்கு நிறுத்தினேன். முள் நடுவில்தான் இருந்தது. தண்ணி மட்டம் மட்டும் பார்த்துவிடலாம் என்று பழந்துணியை மூடிமேல் போட்டு ஒரு கால் சுற்றுச் சுற்றினேன். மீட்டர் நார்மல் காட்டுகிறதே என்ற தைரியம். துணியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பானெட் உயரத்துக்கு அடித்தது. மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய்விடுகிறது, அதுவரை சும்மா இருந்த 95 டிகிரித் தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் கொதிக்கிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து, ஒரு மாதம் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. கீழே சமவெளியில் இதே தப்பைச் செய்பவன் சில சமயம் தப்பித்துவிடுவான். இங்கே தப்பிக்க முடியாது. ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது மேலே மாட்டியிருக்கும் ரப்பர் குழாயை, கையால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் மூடியைத் தொடாதீர்கள். ஹோஸ் தொளதொளவென்று ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். டீ குடித்து முடிக்கும் நேரம் அதற்குப் போதாது, குறைந்தது அரை மணியாவது வேண்டும்.

மூடியில் இரண்டு வால்வு உண்டு. பெரியது அழுத்தத்தை அடக்கி, மிஞ்சினால் பக்கத்து டேங்குக்கு விடும். நடுவில் பொட்டு மாதிரி இருக்கும் சின்னது, இன்ஜின் ஆறும்போது டேங்கிலிருந்து திரும்ப உறிஞ்சும். காலையில் பானெட்டைத் திறந்து பார்க்கும்போது மேல் ஹோஸ் வற்றிப்போன கத்தரிக்காய் மாதிரி சப்பி இருந்தால், அந்தச் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம், அல்லது டேங்குக்குப் போகும் சின்ன டியூப் அடைத்திருக்கிறது. புது மூடி வாங்கும்போது பழையதில் இருக்கும் அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். "1.1 போட்டா இன்னும் நல்லா தாங்கும்ண்ணா" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். 0.9-க்குச் செய்த ரேடியேட்டரில் 1.1 போட்டால் பலவீனமான இடம் எதுவோ அது முதலில் விடும்.

சரி, இப்போது நிறம். ஒரே வரியில் சொன்னால், நிறம் என்பது சாயம். எந்த நிறத்துக்கு எந்தச் சரக்கு என்று உலகத்தில் ஒரு விதியும் கிடையாது. பெரும்பாலான கூலன்டுக்கு அடி ஒன்றுதான்: எத்திலீன் கிளைக்கால். கொதி நிலையை ஏற்றுவதும் உறை நிலையை இறக்குவதும் அதன் வேலை. வித்தியாசம் எல்லாம் அதில் சேர்க்கும் துரு தடுப்பு மருந்தில்தான். பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் மாதிரியான தாது உப்புகள். இவை உலோகத்தின்மேல் சீக்கிரம் படலம் போடும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். 2 வருடம், 40,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பச்சைச் சாயத்தில் வந்ததால் "பச்சைக் கூலன்ட்" என்று பெயர் நின்றுவிட்டது. பிறகு வந்தது கரிம அமில வகை, அதாவது ஓஏடி. படலத்தை மெதுவாகப் போடும், துரு பிடிக்க ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும், அதனால் 5 வருடம் வரை தாங்கும். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்த கலப்பு வகையும் உண்டு, அதை எச்ஓஏடி என்பார்கள். ஜப்பான் வண்டிகளுக்குப் பாஸ்பேட் சேர்த்த கலப்பு, ஐரோப்பிய வண்டிகளுக்குச் சிலிக்கேட் சேர்த்த கலப்பு என்று அதிலும் கிளைகள்.

உங்களுக்கு எது? வண்டியோடு வந்த கையேட்டில் என்ன தர எண் போட்டிருக்கிறதோ அது. கையேடு இல்லையென்றால் அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்வார்கள். கேன் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் பின்பக்க எழுத்தைப் பாருங்கள். ஏஎஸ்டிஎம் டி3306, ஜேஐஎஸ் கே2234, ஐஎஸ் 5759 இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். எதுவுமே இல்லாமல் "சூப்பர் கூல்" என்று பனிமலைப் படம் மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் பிஎஸ்4 இன்ஜினுக்கு அலுமினிய ரேடியேட்டர் இருக்கும் என்றே நினைக்கிறேன், அதற்கு ஓஏடி அல்லது கலப்பு வகை சரியாகப் போகும். ஈயம் வைத்துப் பற்றிய பழைய பித்தளை ரேடியேட்டரை யாராவது மாற்றி மாட்டியிருந்தால் மட்டும் அந்த இரண்டாவது மெக்கானிக் சொன்ன பழைய பச்சை வகை நல்லது. ஆக, அவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை, அவர் கை வைத்துப் பழகிய வண்டிகளுக்கு அது உண்மை.

வாங்கிய சரக்கு அசலா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. கலக்கத் தேவையில்லாத ரெடி மிக்ஸ் கேன் என்றால், பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். வீட்டு ஃபிரீசர் சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி வரை போகும். பாதிக்குப் பாதி கிளைக்கால் இருந்தால் அது சுழியத்துக்குக் கீழே 37 வரை உறையாது, காலையில் தண்ணியாகவே இருக்கும். மூன்றில் ஒரு பங்கு என்றால் கூழ் மாதிரி இருக்கலாம். கல்லாக உறைந்திருந்தால் சாயத் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். அந்த மூடியைப் பிறகு தூக்கிப் போட்டுவிடுங்கள், சமையல் பாத்திரத்தில் இந்தச் சோதனை வேண்டாம். கிளைக்கால் விஷம், போதாக்குறைக்குத் தித்திக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை.

எவ்வளவு சதவிகிதம் என்று அடுத்துக் கேட்பீர்கள். உறைபனிக்காக என்றால் நமக்கு 50 சதவிகிதம் தேவையே இல்லை. தலைகுந்தாவிலும் அவலாஞ்சிப் பக்கமும் டிசம்பர், ஜனவரி ராத்திரியில் புல் வெள்ளையாகிறது, சுழியத்தை ஒட்டியோ சற்றுக் கீழேயோ போகிறது, அவ்வளவுதான். 33 சதவிகிதமே சுழியத்துக்குக் கீழே 16, 17 டிகிரி வரை தாங்கும். அதோடு, தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்க கிளைக்காலால் முடியாது. "கெட்டியா இருந்தா நல்லது" என்று 70 சதவிகிதம் ஊற்றுபவர்கள் ஏற்றத்தில் தங்கள் இன்ஜினைத் தாங்களே சூடாக்குகிறார்கள். ஆனால் மருந்து கிளைக்காலோடுதான் வருகிறது, நீர்த்தால் மருந்தும் நீர்க்கும். 40க்கும் 50க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று பேனா அளவில் ஒரு கருவி இருக்கிறது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். இரண்டு மூன்று வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் மலைக்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. "எங்க ஊத்துத் தண்ணி சுத்தம்." குடிக்கச் சுத்தம்தான். ரேடியேட்டருக்கு அந்தச் சுத்தம் போதாது. உப்பு குறைவாக இருந்தாலும் ஓடைத் தண்ணீரில் மண் துகள் வரும், நிறையக் காற்றும் கரைந்திருக்கும். துருவுக்குக் காற்று இருந்தால் போதும். அவசரத்துக்குக் கீழே மண்டியில் போர்த் தண்ணீர் பிடித்து ஊற்றினால் சுண்ணாம்பு படியும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரித் தண்ணீர் என்று கேட்டால் சில கடையில் ஆசிட்டை எடுத்து நீட்டிவிடுவார்கள், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இனி உங்கள் செம்மண் கரைசல். அதன்மேல் புதுக் கூலன்டை ஊற்றினால் ஒரு மாதத்தில் அதுவும் செம்மண் ஆகிவிடும். அறுவடை இல்லாத ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். அரை நாள் வேலை என்று ஆரம்பிப்பீர்கள், சாயங்காலம் ஆகிவிடும்.

வண்டி ராத்திரி முழுதும் ஆறியிருக்க வேண்டும். அடியில் ஒரு அகலமான பேசின். ரேடியேட்டர் அடியில் இருக்கும் வடிகுழாய்த் திருகு பிளாஸ்டிக்காக இருந்தால் குளிரில் விறைத்து, திருகும்போது தலை உடைந்துவிடும். கொஞ்சம் வெந்நீர் ஊற்றிவிட்டுத் திருகுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றிவிடலாம். முதலில் வருவது டீத்தூளை ரெண்டு தடவை கொதிக்க வைத்த டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். கடைசியில் பேசின் அடியில் சந்தனம் அரைத்த மாதிரி வழவழவென்று ஒரு படிவு நிற்கும். விரலில் தேய்த்துப் பாருங்கள், அது உங்கள் இன்ஜின் பிளாக்கின் இரும்பு. டேங்கைக் கழற்றித் தனியாகக் குலுக்கிக் கழுவுங்கள், அதன் அடியிலும் இதே சேறு இருக்கும்.

பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, மேல் ஹோஸ் சூடாகும் வரை இன்ஜினை ஓட விடுங்கள். மேல் ஹோஸ் சூடானால்தான் தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது, பிளாக்குக்குள் இருக்கும் அழுக்கு வெளியே வரும். கேபினில் ஹீட்டர் இருந்தால் அதையும் முழுதாகத் திறந்து வையுங்கள். ஆற விட்டு, வடித்து, மறுபடி நிரப்பி, மறுபடி. ரேடியேட்டர் ஃபிளஷ் என்று விற்கும் மருந்தை ஒரு சுற்றுக்குச் சேர்க்கலாம். வாஷிங் சோடா, காஸ்டிக், பாத்ரூம் ஆசிட் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். இந்த மாதிரி ஒரு வண்டிக்கு எனக்கு ஐந்து சுற்றுப் பிடித்தது. ஒன்று சொல்லி வைக்கிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. பழைய வண்டியில் சில ஓட்டைகளைத் துருவே அடைத்து வைத்திருக்கும். கழுவிய மறுநாள் ரேடியேட்டரிலோ, பிளாக்கின் பக்கத்தில் வட்டமாக இருக்கும் கோர் பிளக்கிலோ சொட்ட ஆரம்பிக்கலாம். கழுவியதால் வந்த ஓட்டை இல்லை அது, ஏற்கெனவே இருந்ததுதான்.

நிரப்பும்போது பலர் செய்யும் தப்பு இது. எவ்வளவு வடித்தாலும் பிளாக்குக்குள் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் தங்கிவிடும். அதன்மேல் ரெடி மிக்ஸை ஊற்றினால் 50 சதவிகிதம் என்று நினைத்தது 30 ஆகிவிடும். அதனால் முதல் தடவைக்கு மட்டும் தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் வாங்குங்கள். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர் என்றால், முதலில் 4 லிட்டர் கான்சென்ட்ரேட்டை ஊற்றிவிட்டு, மீதிக்கு டிஸ்டில்டு வாட்டரை நிரம்பும் வரை ஊற்றுங்கள். உள்ளே தங்கியிருப்பது தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு குறையும்போது ஊற்றுவதற்கு அதே பிராண்டு, அதே வகை ரெடி மிக்ஸ் ஒரு லிட்டர் வண்டியில் இருக்கட்டும். வேறு வகையைக் கலந்தால் உடனே இன்ஜின் வெடித்துவிடாது. மருந்துகள் ஒன்றையொன்று கெடுக்கும், சில ஜோடிகள் களி மாதிரி திரளும். நடுவழியில் வேறு எதுவும் கிடைக்கவில்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர் ஊற்றி வீடு வந்து சேர்வது, வேறு நிறத்தைக் கலப்பதைவிட மேல்.

காற்று எடுக்கும் வேலையில் மட்டும் நமக்கு மலை உதவி செய்கிறது. சமவெளியில் ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்குவார்கள். நமக்குத் தெருவே சரிவுதான். வண்டியை மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, மூடி திறந்தபடி ஐடிலில் ஓட விடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே இதை ஆரம்பிக்க வேண்டும், சூடான பிறகு திறக்கக்கூடாது என்பதை மறக்க வேண்டாம். குமிழி வருவது நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் மேலேறி வழிய ஆரம்பித்தால் மூடிவிடுங்கள். இரண்டு மூன்று டிரிப் போன பிறகு டேங்கில் மட்டம் கொஞ்சம் இறங்கும், அது உள்ளே மிச்சமிருந்த காற்று. அதற்குப் பிறகும் தொடர்ந்து இறங்கினால் கசிவு.

அதே சரிவு மட்டம் பார்க்கும்போது ஏமாற்றும். மூக்கு கீழே நிற்கும் வண்டியில் டேங்க் ஒரு அளவு காட்டும், மேலே நிற்கும்போது வேறு அளவு. தினமும் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது, ஒரே இடத்தில், ஒரே திசையில் நிறுத்திப் பாருங்கள். குறிப்பாக ஜனவரி விடியலில் பாருங்கள். குளிரில் ரப்பர் சுருங்கி ஹோஸ் கிளிப்புகளில் மட்டும் சொட்டும், வண்டி சூடானதும் நின்றுவிடும். பகலில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் "ஒண்ணும் இல்லையேப்பா" என்பார். விடியலில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஹோஸ் நுனியில் வெள்ளையோ ரோஸோ உப்புப் பூத்த மாதிரி ஒரு தடம் இருக்கும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு, அங்கேயும் அதே தடம் தெரிந்தால் பம்பின் சீல் போகிறது.

மூடியிலும் இல்லை, ஹோஸிலும் இல்லை, ஆனால் வாரம் அரை லிட்டர் குறைகிறது என்றால் உள்ளே போகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காப்பி நிறம், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஹெட் கேஸ்கட்டை, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டை, சந்தேகப்பட வேண்டியதுதான். விடியலில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளைப் புகையை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள், நம் குளிருக்கு எல்லா வண்டியும் விடும். மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை அடையும் என்று யாராவது சொல்வார்கள். அடையும், உண்மைதான். பர்லியாறு வளைவில் மஞ்சள்தூளால் வீடு வந்து சேர்ந்தவர்கள் நிறைய. ஆனால் அது ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். வீடு வந்ததும் மறுபடி அந்த ஐந்து சுற்றும் கழுவ வேண்டும்.

இன்னொரு நாட்டு வைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. உங்கள் வண்டியிலும் முந்தையவர் கழற்றியிருக்கக் கூடும், பாருங்கள். காலையில் கிளம்பிப் பல கிலோமீட்டர் போன பிறகும் முள் அடியிலேயே கிடந்தால் கழற்றியிருக்கிறார் என்று கொள்ளலாம். இங்கே இந்தக் குளிரில் தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் ஒழுங்காகச் சூடே ஏறாது. டீசல் கூடுதலாகக் குடிக்கும், கரி பிடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் இது இன்னும் மோசம். கியரில் பிடித்து இறங்கும்போது இன்ஜின் டீசலே எரிப்பதில்லை, சூடு தானாக இறங்கும். தெர்மோஸ்டாட் இருந்தால் மூடிக்கொண்டு இன்ஜினைக் காப்பாற்றும். போதாததற்கு, சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும்.

ஏற்றத்தில் முள் மேலே போனால் என்ன செய்வது? அகலமான இடம் பார்த்து ஒதுக்குங்கள், ஆனால் உடனே ஆஃப் செய்யாதீர்கள். ஆவி வரவில்லையென்றால் நியூட்ரலில் ஐடிலுக்குச் சற்று மேலே ஓட விடுங்கள், ஃபேனும் பம்பும் வேலை செய்யட்டும். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து விடுங்கள், கேபின் வெந்தாலும் பரவாயில்லை. ஆவி வருகிறது, அல்லது ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது என்றால் உடனே ஆஃப். பச்சைத் தண்ணீரைச் சூடான இன்ஜின்மேல் ஊற்றவே கூடாது. ஹெட் வளைந்துவிட்டால் கழற்றி இறக்கி, லேத்தில் ஃபேசிங் போட்டு, கேஸ்கட் மாற்றி ஏற்ற வேண்டும், ஒரு சீசன் கேரட் காசு அதில் போய்விடும். முள் அடிக்கடி ஏறுகிறது, கூலன்டும் மூடியும் சரியாக இருக்கிறது என்றால் ரேடியேட்டரின் இடுக்குகளைப் பாருங்கள். வயல் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடித்தால் இடுக்குத் தகடுகள் மடங்கி, இருந்ததும் போகும்.

ஹில்குரோவ் ஸ்டேஷனில் மலை ரயிலின் நீராவி இன்ஜின் நின்று தண்ணீர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் ஓடுகிறது, அதனால் குடிக்கிறது. நம் வண்டி குடிக்கக்கூடாது. நிறைய டிரைவர்கள் ஐந்து லிட்டர்க் கேனில் தண்ணீர் வைத்துக்கொண்டு பர்லியாறில் ஒருமுறை, காட்டேரியில் ஒருமுறை ஊற்றுவதை வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். உங்கள் செம்மண் கரைசல் அப்படி வந்ததுதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றும் கேட்டீர்கள். ஓஏடி கேனில் 5 வருடம் என்று போட்டிருக்கும். அது புது இன்ஜினுக்கு. துரு பார்த்த இன்ஜினில் மருந்து சீக்கிரம் தீரும். முதல் தடவை ஒரு வருடத்திலேயே வடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் அடுத்தது இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். நடுவில் சந்தேகம் வந்தால், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையை உலோகத்தைத் தொடாமல் கூலன்டிலும் வையுங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மருந்து தீர்ந்து கூலன்டே ஒரு சின்னப் பேட்டரியாக மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டியில் எங்காவது எர்த் ஒயர் கழன்றிருந்தாலும் இப்படிக் காட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடித்த பழைய தண்ணீர், இப்போது உங்களிடம் இருப்பது மாதிரி வெறும் துருத் தண்ணீர் என்றால் ரோட்டோரம் விடலாம். அடுத்த வருடம் வடிக்கப்போவது கூலன்ட். அதை ஓடைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பேசினில் திறந்தும் வைக்காதீர்கள். தித்திப்புக்கு நாய் நக்கும், மாடு குடிக்கும், ராத்திரியில் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கும் காட்டெருமையும் வாய் வைக்கும். வந்த கேனிலேயே திரும்ப ஊற்றி மூடி, பழைய ஆயில் எடுப்பவரிடமோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். ஆயிலோடு கலந்து கொடுத்தால் வாங்கமாட்டார்கள், தனிக் கேனாக வையுங்கள்.